முருங்கைக்காய்க் கம்பு

ராதாபுரம்
5.11.2023

அன்புள்ள அத்தானுக்கு,

டெபோரா எழுதுகிறேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனவள் ஒரு போன்கூடப் பண்ணவில்லையே, எவ்வளவு திமிர் என்று சேரன்மகாதேவியில் உட்கார்ந்து பொருமிக்கொண்டிருப்பீர்கள். திமிர் இல்லை, பயம். இனியும் நான் உங்களுக்குப் போன் பண்ணப்போவதில்லை. போன மாதம் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லக் கூப்பிட்டேனே, நினைவிருக்கிறதா? "சொல்லுட்டி" என்றீர்கள். ஒரே காற்றுச் சத்தம். "எங்க இருக்கிய?" என்று கேட்டால், "போஸ்ட் மேல" என்று சிரிக்கிறீர்கள். இடுப்பில் பெல்ட், ஒரு கையில் கட்டிங் பிளேயர், இன்னொரு கையில் போன். ஒரு சிலிண்டருக்காக உங்களைக் கொல்லப் பார்த்தேனே என்று அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கடிதம் என்றால் யாரும் மின்கம்பத்தின் மேல் நின்று பிரிக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களோடு வேலை பார்த்த ஜெபகனி அண்ணனை அடக்கம் பண்ணிய அன்று கல்லறைத் தோட்டத்தில் உங்கள் போர்மேன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "லைனை ஆஃப் பண்ணியாச்சு, சப்ஸ்டேஷன்ல எல்.சி., அதான் லைன்ல வேலை பாக்க அனுமதி, வாங்கியாச்சு, எல்லாம் முறைப்படிதான். ரைஸ்மில்லுக்காரன் அந்த நேரம் பாத்து ஜெனரேட்டரைப் போட்டுட்டான். அவன் வீட்டுக் கரண்ட் திரும்பி டிரான்ஸ்பார்மர் வழியா லைன்ல ஏறிட்டு. எர்த் ராடை மாட்டிட்டு ஏறியிருந்தாம்னா இன்னைக்கு இருந்திருப்பான்."

எர்த் ராடு என்றால் என்ன என்று உங்களோடு வேலை பார்க்கிற ஒருவரிடம் கேட்டேன். நீளமான மஞ்சள் கம்பு, நுனியில் கொக்கி, கொக்கியிலிருந்து தடித்த வயர். வயரின் அடுத்த முனையை மண்ணில் இறக்கிவிட்டு, கொக்கியை லைனில் மாட்டிவிட்டால், எந்தப் பக்கமிருந்து கரண்ட் வந்தாலும் மண்ணுக்குப் போய்விடும், ஆள் பிழைத்துக்கொள்வான் என்றார்.

மஞ்சள் கம்பு, நுனியில் கொக்கி என்றதுமே எனக்கு நம் வீடுதான் கண்முன் வந்தது. நம் வீட்டுப் பின்புறச் சுவரில் சாத்தியிருக்கிறதே, அதுதானே? வயரைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு, "இந்தா, முருங்கைக்கா பறிக்க வாட்டமா இருக்கும்" என்று என் கையில் கொடுத்தீர்களே, அதுதானே? ஒரு வருடமாக அதில்தான் பறிக்கிறேன். அண்ணன் பெண்டாட்டி ஜெபராணிக்கும் அதில் பறித்த காயைத்தான் கொடுத்தனுப்பினேன். அவளும் அண்ணனுக்குச் சாம்பார் வைத்துப் போட்டிருப்பாள்.

அந்தக் கம்பு உங்களோடு வேலைக்கு வருகிறது என்று தெரிந்த பிறகு வருகிறேன். அதுவரை அந்த வீட்டில் இருந்துகொண்டு, சாயங்காலம் பைக் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்க என்னால் ஆகாது.

டெபோரா

*

சேரன்மகாதேவி
11.11.2023

டெபோரா,

உன் கடிதம் கிடைத்தது. தபால்காரர் கொடுக்கும்போதே, "என்னவே, வீட்டுல இருந்து லெட்டரா? வக்கீல் நோட்டீஸோன்னுல்லா நெனச்சேன்" என்றார். தெருவே சிரிக்கிறது. சந்தோஷமா?

உனக்கு எங்கள் வேலை தெரியாது. நாலு பேர் பார்க்கவேண்டிய வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். கரண்ட் போன நிமிடத்திலிருந்து போன் ஓயாது. ஒருவனுக்கு மாவு ஆட்டவேண்டும், ஒருவனுக்கு மகளின் ஆன்லைன் பரீட்சை. எங்கள் என்ஜினீயர் ஏ.இ. வேறு, "இன்னுமா முடியல?" என்பார். அந்தக் கம்பு பைக்கை விட நீளம். அதைக் கட்டிக்கொண்டு போய், மண்ணைத் தோண்டி, முளை அடித்து, மூன்று கம்பியிலும் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி... இதெல்லாம் ஆகிற காரியமா? எல்.சி. வாங்கிவிட்டால் லைன் செத்த பாம்பு. செத்த பாம்பை எத்தனை தடவை அடிப்பது? இந்தப் பக்கத்தில் ஒருவனும் மாட்டுவதில்லை. ஜெபகனியின் கம்பு ஆபீஸ் அறையில் சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் நிற்கிறது.

அவன் நேரம், போய்விட்டான். அதற்கு நீ பெட்டியைத் தூக்கினால் ஆகுமா? மாமா என்ன நினைப்பார்கள்? எனக்குச் சோறு வடிக்க வரவில்லை, கஞ்சியாகிவிடுகிறது. வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிவிடு.

இரண்டு வாரமாகக் கை லேசாக நடுங்குகிறது. காப்பி அதிகமாகிவிட்டது போல.

ஹெப்ரான்

*

ராதாபுரம்
17.11.2023

அத்தானுக்கு,

காப்பியா? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நீங்கள் காப்பி குடித்து நான் பார்த்ததில்லை. அதன் வாடையே பிடிக்காது என்பீர்கள். பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்லக்கூடாதா?

எனக்கு உங்கள் வேலை தெரியாதுதான். பயம் மட்டும் நன்றாகத் தெரியும். இந்த ஊரில் கரண்ட் போனால் எல்லோரும் விசிறியைத் தேடுகிறார்கள். எனக்கு எங்கேயோ ஒருவன் பெல்ட்டை மாட்டுகிறான் என்று தோன்றும். திரும்பக் கரண்ட் வந்து பல்பு எரிந்ததும் அவன் இறங்கிவிட்டானா, இறங்கும் முன்னேயே போட்டுவிட்டார்களா என்று அடுத்த கவலை. அன்றைக்கு அப்பா பார்த்துவிட்டு, "என்னம்மா, லைட் வந்ததுக்கு அழுத?" என்றார்கள்.

செத்த பாம்பு என்று எழுதியிருந்தீர்கள். ஜெபகனி அண்ணனும் செத்த பாம்பைத்தானே தொட்டார்?

ஜெபராணியிடம் பேசினேன். ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஹெப்ரான் அண்ணன்தான் கீழ நின்னாவ. அவியதான் எறக்குனாவ. அவியகிட்ட நான் ஒண்ணுமே கேக்கல, டெபோரா. அவியளைப் பாத்தாலே பாவமா இருக்கு." இதை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே. அன்று வீட்டுக்கு வந்து குளித்தீர்கள், சாப்பிட்டீர்கள், தூங்கினீர்கள். மறுநாள் கம்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனீர்கள். அதைப் பார்த்துத்தான் நான் பெட்டியைத் தூக்கினேன்.

கை ஏன் நடுங்குகிறது? உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டேன்.

டெபோரா

*

சேரன்மகாதேவி
26.11.2023

டெபோரா,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையும் கிழிப்பதற்குள் அனுப்பிவிடவேண்டும்.

செவ்வாய்க்கிழமை கன்னடியன் கால்வாய்க் கரையில் ஒரு போஸ்ட். வயல் நடுவில் நிற்கிறது. எல்.சி. வாங்கியாயிற்று. பாதி ஏறினேன். அதற்கு மேல் கை போகவில்லை. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. மேலே கம்பியைப் பார்த்தால் அது சும்மா தொங்குகிறது. கரண்ட் இருந்தாலும் அப்படியேதான் தொங்கும், இல்லாவிட்டாலும் அப்படியேதான் தொங்கும். இத்தனை வருடத்தில் இது எனக்கு உறைத்ததே இல்லை. ஜெபகனியை இறக்கியபோது அவன் விரல்கள் மூடியபடியே இருந்தன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். போஸ்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே இருந்து, "என்னலே, தூங்கிட்டியா?" என்று கத்தினார்கள். கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் பைய இறங்கிவிட்டேன்.

பயமாக இருக்கிறது டெபோரா. ஆம்பளை இதை எழுதுவதற்கே வெட்கமாக இருக்கிறது. லைன்மேனுக்குப் பயம் வந்துவிட்டால் அவன் கதை முடிந்தது என்பார்கள். அதனால்தான் உன்னிடம் காப்பி என்றேன்.

அன்று சாயங்காலமே பரணில் ஏறி வயரைத் தேடி எடுத்தேன். கிளாம்பு துருப்பிடித்திருந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து மாட்டினேன். கொக்கியில் காய்ந்த முருங்கைப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் கம்பைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனால் ஆபீஸே சிரிக்கிறது. "ஏலே ஹெப்ரான், என்ன பறிக்கப் போற, முருங்கைக்காயா, தேங்காயாலே?" என்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மாட்டாமல் ஏற மாட்டேன். உனக்குச் சொல்லிவிட்டேன்.

இப்போதாவது வருவாயா?

ஹெப்ரான்

*

ராதாபுரம்
21.12.2023, வியாழன் மதியம்

அன்புள்ள அத்தானுக்கு,

கிறிஸ்மஸை அப்பாவோடு கொண்டாடிவிட்டு மறுநாளே கிளம்பி வருகிறேன் என்று எழுதியிருந்தேனே. அதற்குள் வானம் உடைந்து ஊற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. தாமிரபரணி ஊருக்குள் வந்துவிட்டது, ஜங்ஷன் பக்கம் எல்லாம் தண்ணீர் என்கிறார்கள். சேரன்மகாதேவி என்ன ஆயிற்று என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. செல்போன் டவர் செத்துக் கிடக்கிறது. போன் பண்ணமாட்டேன் என்று சொன்னவள், போன் இருந்தால் போதும் என்று கிடக்கிறேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்? எந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு எந்தக் கம்பத்தில் ஏறுகிறீர்கள்? இந்தக் கடிதம் எப்போது வந்து சேருமோ, எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே நாங்கள் நன்றாக இருக்கிறோம். எங்கள் வீட்டைத் தாண்டி ஒரு பனை விழுந்து தெருக் கம்பியெல்லாம் அறுந்து கிடக்கிறது. டிரான்ஸ்பார்மருக்கும் அந்தப் பனைக்கும் நடுவில் எங்கள் வீடு ஒன்றுதான். அப்பா சபைப் பொருளாளர் இல்லையா, கிறிஸ்மஸுக்குக் கோயிலுக்கு வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டர் எங்கள் தாழ்வாரத்தில்தான் இருக்கிறது. முன்பு ஒரு புயலில் நீங்கள் செய்தீர்களே, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர், அதே மாதிரி ஒன்று நானே செய்துவிட்டேன். மெயின் சுவிட்சை இறக்கித் தெருக் கம்பியோடு உள்ள தொடர்பைத் துண்டித்துவிட்டு, ஒரு முனையை ஜெனரேட்டரில், ஒரு முனையை வீட்டு பிளக்கில் சொருகினால் வீடு முழுக்க லைட். லைன்மேன் பெண்டாட்டி என்று தெருவில் எனக்கு ஒரே மரியாதை. மோட்டார் போட்டால் பெண்கள் குடத்தோடு வருகிறார்கள்.

இன்று காலையில் பால்காரர் வந்து, "ஓடைக்கு அந்தப் பக்கம் பனங்காட்டுல ஈ.பி. ஆளுவ நிக்காவம்மா, வெளியூர் ஆளுவ, இன்னைக்குக் கரண்ட் வந்துரும்" என்றார். மெயின் இறங்கியிருந்தால் கரண்ட் வந்தால்கூடத் தெரியாதே என்று மெயினைத் தூக்கிவிட்டுப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவே இல்லை. பதினோரு மணி வாக்கில் குடங்கள் சேர்ந்துவிட, போய் ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துவிட்டேன். கொஞ்ச நேரம்தான். திடீரென்று தொண்டையை நெரித்தது போல ஒரு சத்தம், புகை, நின்றுவிட்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்கிறார்கள் அப்பா. கிறிஸ்மஸுக்கு என்ன செய்வது என்று கவலையாக இருக்கிறார்கள்.

பனங்காட்டில் கம்பத்தில் நிற்கிற அந்த ஆட்களுக்காகவும் ஜெபம் பண்ணினேன். யார் வீட்டுப் பிள்ளைகளோ. அவர்களில் யாராவது கம்பு கொண்டுவந்திருப்பார்களா?

நீங்கள் கம்பை மாட்டுகிறீர்கள்தானே?

டெபோரா

*

ராதாபுரம் பனங்காடு
22.12.2023, வெள்ளி காலை

டெபோரா,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துப் பதறாதே. செவ்வாய்க்கிழமை எங்களை லாரியில் ஏற்றி இந்தப் பக்கம் வெள்ள வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். போஸ்டில் ஏறினால் உங்கள் கோயில் கோபுரம் தெரிகிறது. நடுவில் ஓடை முட்ட ஓடுகிறது, இல்லாவிட்டால் ஓடி வந்திருப்பேன். நான் நன்றாக இருக்கிறேன். அதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டு மேலே படி.

நேற்றுக் காலை பனங்காட்டு லைனில் எனக்கு வேலை. மாமா ஊர்ப் பக்கம்தான், ஆனால் எனக்குத் தெரியாத லைன். எல்.சி. வாங்கியாயிற்று. இங்குள்ள போர்மேன் சிவசங்கரன் அண்ணாச்சி நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். நாலு நாளாக இருட்டில் கிடக்கிற ஊர்க்காரர்கள் சுற்றி நின்று கத்துகிறார்கள். நான் கம்பை இறக்கி, மண்ணில் முளை அடிக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏலே, சப்ஸ்டேஷன்ல ஆஃப், இங்கன ஊரே ஆஃப். எங்கருந்துலே கரண்ட் வரும்? பைய தடவிக்கிட்டு நிக்க. ஏறுலே!" என்றார். எனக்கும் சரிதானே என்று தோன்றியது. மழை பெய்துகொண்டிருக்கிறது, மண் சேறாக இருக்கிறது, முளை நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு நிமிடம் கம்பைக் கீழே போட்டுவிட்டேன் டெபோரா. பெல்ட்டை மாட்டிக்கொண்டு போஸ்டில் கால்கூட வைத்துவிட்டேன். உன்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. இறங்கினேன். முளையை வேறு இடத்தில் அடித்தேன். பாதி ஏறி, கம்பை நீட்டிக் கொக்கியைக் கம்பியில் வைத்தேன்.

வெடித்தது. நீல வெளிச்சம். கண்ணில் இன்னும் அது நிற்கிறது. கம்பு கையை உதறியது, பெல்ட் பிடித்துக்கொண்டது. கொக்கியின் முனை உருகிப் போயிருக்கிறது. அவ்வளவு நேரம் கத்திய ஊர்க்காரர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். அண்ணாச்சி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். நான் இறங்கியதும் என் இரண்டு கையையும் பிடித்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

எவனோ ஒரு பாவி ஜெனரேட்டரைப் போட்டிருக்கிறான். இந்த லைனில் ஏழெட்டு டிரான்ஸ்பார்மர், எந்த வீடு என்று தேட நேரமில்லை. எல்லாவற்றின் சுவிட்சையும் திறந்து லைனிலிருந்து துண்டித்துவிட்டுத்தான் வேலையை முடித்தோம். அவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அறைந்து பல்லைக் கழற்றியிருப்பேன்.

லாரி கிளம்பப்போகிறது, அடுத்து திசையன்விளைப் பக்கமாம். உங்கள் ஊர் வயர்மேன் ஓடை வடிந்ததும் இதை உன்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நேற்று ராத்திரி யாரும் பார்க்காதபடி லாரிக்குப் பின்னால் போய் அழுதேன். உன் குரலைக் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

ஹெப்ரான்

*

ராதாபுரம்
24.12.2023

அத்தான்,

வயர்மேன் நேற்றுச் சாயங்காலம் கடிதத்தைக் கொடுத்தார். நடுப்பக்கம் வரும்போதே பனங்காட்டுக்கு ஓடினேன். ஒரு ஆளும் இல்லை. லாரிச் சக்கரத் தடத்தில் தண்ணீர் நின்றது. அந்தப் போஸ்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். கீழே நீங்கள் முளை அடித்த குழி இருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு. முதல் குழியில் நிற்காததால்தான் கம்பைக் கீழே போட்டிருப்பீர்கள்.

வியாழக்கிழமை நான் எழுதிய கடிதம் இதற்குள் உங்கள் கைக்கு வந்திருந்தால், நான் சொல்லாமலே உங்களுக்குத் தெரிந்திருக்கும். வரவில்லை என்றால் இப்போது சொல்கிறேன். அந்தப் பாவி நான்தான். மெயினைத் தூக்கியது நான். தூக்கியதை மறந்து ஜெனரேட்டரை இழுத்ததும் நான். பெட்ரோலில் தண்ணீர் கலக்கவில்லை. உங்கள் கொக்கி பட்டுத்தான் அது செத்தது. அந்த ஆட்களுக்கு ஜெபம் பண்ணிக்கொண்டே அவர்கள் கம்பியில் நான் கரண்ட்டை ஏற்றியிருக்கிறேன். ரைஸ்மில் ஜெனரேட்டர் என்றால் வீடு மாதிரிப் பெரிதாக இருக்கும், நம் தாழ்வாரத்துப் பெட்டியால் மோட்டார் ஓட்டத்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். டிரான்ஸ்பார்மருக்குள் போனால் அந்தக் கரண்ட்டும் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறிவிடும் என்று வயர்மேன் சொல்லித்தான் தெரிந்தது. ரைஸ்மில்லுக்காரனை எவ்வளவு சபித்தேன்! அவனும் இப்படித்தான் எதையோ மறந்திருப்பான்.

பிளக் வயரை அரிவாளால் துண்டு துண்டாக வெட்டிவிட்டேன். இன்று ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சபையில் சொன்னேன். அப்பா தலை நிமிரவில்லை. "வீட்டுல ஜெனரேட்டர் வச்சிருக்கவிய யாரும் பிளக்குல சொருகாதிய. ஜெனரேட்டரும் லைனும் சேராம இருக்க சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வச்சுட்டுப் போடுங்க" என்றேன். ஒருத்தி வந்து, "ஒண்ணும் ஆகலல்லா, விடு" என்றாள். ஒன்றும் ஆகவில்லையாம்!

டவர் வந்துவிட்டது. போன் கையில்தான் இருக்கிறது. நீங்கள் எந்தப் போஸ்டில் நிற்கிறீர்களோ என்று பயந்து அழுத்த முடியவில்லை. வீட்டில் லைட் சுவிட்சைப் போடவும் கை வரவில்லை, அப்பாவைத்தான் போடச் சொல்கிறேன். இத்தனை நாள் கரண்ட்டுக்குப் பயந்தேன். இப்போது என் கையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

அறைவேன் என்று எழுதியிருந்தீர்கள். அறைந்துவிட்டு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்க மனம் வராவிட்டால் அதையும் எழுதுங்கள்.

டெபோரா

*

சேரன்மகாதேவி
28.12.2023

டெபோரா,

நேற்றுத்தான் வீட்டுக்கு வந்தேன். வாசற்படிவரை சேறு. அண்டை வீட்டு அக்கா உன் இரண்டு கடிதங்களையும் வாங்கி உலர்த்தி வைத்திருந்தார்கள். வியாழக்கிழமைக் கடிதத்தில் மெயினைத் தூக்கினேன் என்ற இடம் வந்ததும் தாளை மடித்து வைத்துவிட்டேன். ரொம்ப நேரம் அடுத்ததைப் பிரிக்கவில்லை. உன்மேல் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் இருந்தது. அந்த வயரை முதலில் செய்து காட்டியவன் யார் என்று நினைத்ததும் கோபப்பட வாயில்லாமல் போயிற்று.

அறைவேன் என்று எழுதிய வரியை அடித்துவிடு. சேர்க்க மனம் வருமா என்று கேட்ட வரியை நான் அடித்துவிட்டேன்.

பயம் எனக்கும் போகவில்லை. இன்று காலையிலும் ஒரு போஸ்டில் ஏறினேன். கை நடுங்கத்தான் செய்தது. நடுங்கிய கையோடுதான் கொக்கியை மாட்டினேன். ஆபீஸில் இப்போது யாரும் தேங்காய் பேச்சு எடுப்பதில்லை. ஜெபகனியின் கம்பை அறையிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த தாளை நான்தான் பிரித்தேன். அதை இனி யார் கொண்டுபோவது என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

சனிக்கிழமை எனக்கு லீவு. அன்று முழுக்கத் தரையில்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் போன் பண்ணு. நீயே வந்துவிட்டால் போனும் வேண்டாம்.

முருங்கை மழையில் சாயவில்லை. பூவெல்லாம் உதிர்ந்து உச்சியில் நாலு காய் மட்டும் தொங்குகிறது. வரும்போது ராதாபுரம் சந்தையில் நல்லதாக ஒரு தொரட்டி வாங்கிக்கொண்டு வா. அந்தக் கம்பைத் தர மாட்டேன்.

ஹெப்ரான்